புளி போட்டு அலம்பிய மிக்ஸி

எழுபதுகளின் நடுவில் திருவள்ளூரில் எங்கள் தெருவுக்கு மிக்ஸி வந்தபோது நான் புதுவாயல் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கணவருக்குக் கோயில் கைங்கர்யம். மாமியாருக்கு ஆசாரம். எனக்குச் சாக்பீஸ். எங்கள் வீட்டில் இந்த மூன்றில் எது முதலில் கழன்று விழும் என்று தெருவில் பந்தயம் வைத்திருந்தால், எல்லாரும் சாக்பீஸின் மேல்தான் கட்டியிருப்பார்கள்.

காரணம் அம்மி. எங்கள் வீட்டில் தினமும் அரைத்துவிட்ட குழம்பு, ஒரு தொகையல், கூட்டுக்குத் தேங்காய். எல்லாம் அன்றன்றைக்கு, ஸ்நானம் செய்து, யார் கையும் படாமல் துவைத்து உலர்த்திய மடிப் புடவை கட்டிக்கொண்டு அரைத்தாக வேண்டும். பெருமாளுக்குப் படைத்து, கண்டருளப் பண்ணிய பிறகுதான் எங்கள் வாய்க்கு. விடிவதற்குள் நான் குளித்து, ஈரத்தலையில் துண்டோடு அம்மி முன்னால் உட்கார்ந்து, பாதி அரைத்து, பாதியை மாமியாரிடம் விட்டுவிட்டு, பள்ளிக்கூடப் புடவைக்கு மாறி ஏழு மணி பஸ்ஸுக்கு ஓடுவேன். அந்தப் பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது வரும் என்பது அதன் டிரைவருக்கே தெரியாது. பெரியபாளையம் தாண்டும்வரை என் கையில் மிளகாய் எரியும்.

அந்த ஐப்பசியில் மாமியாருக்கு வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. அம்மிப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமியார் அதைத் தீர்மானமாக மாற்றி என்னிடம் சொன்னாள்.

"என் கை இனிமே குழவியைப் பிடிக்காது. நீயோ பாதியிலே எழுந்து ஓடறே. ஆத்துக்கு ஒருத்தி வேணும்டி. தை அமாவாசை வரைக்கும் பார்க்கலாம். அதுக்குள்ள ஒரு வழி பண்ணிண்டா சரி. இல்லேன்னா வேலையை விட்டுடு."

அவள் சொன்னது அநியாயம் என்று சொல்ல முடியாது. அதனாலேயே எனக்கு இன்னும் பத்திக்கொண்டு வந்தது. அநியாயமாகப் பேசினாலாவது சண்டை போடலாம். அந்தப் பள்ளிக்கூடத்தில், கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலும் என்னிடம் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது வந்த சந்தோஷம் எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை. அந்த வேலையை விட்டுவிட எனக்கு மனசில்லை.

கணவரிடம் சொன்னேன். "பெருமாள் பார்த்துப்பார்" என்றார். அவர் எதற்கும் அதையே சொல்வார், கூரை ஒழுகினாலும்.

அந்த வாரமே தேரடிக்குப் பக்கத்துக் கடை வாசலில் ஒரு மேஜை போட்டு, டெரிலின் சட்டை போட்ட ஒரு கம்பெனி ஆள் மிக்ஸியை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். இரண்டு கை தேங்காய்த் துருவலைப் போட்டார். ஒரு பெரிய சத்தம் வந்தது. மூடியைத் திறந்தால் சந்தனம் மாதிரி விழுது. நானும் மாமியாரும் கோயிலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். மாமியார் மேலே யாரும் படாத தூரத்தில் நின்று முழுசாகப் பார்த்தாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏம்பா, இது மடிக்கு ஆகுமா?"

அந்த ஆளுக்கு மடி என்றால் என்னவென்று ஒரு மண்ணும் தெரியாது. அது அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. ஆனால் விற்க வந்தவர் இல்லையென்று சொல்வாரா?

"தாராளமா ஆவும் மாமி. மடிக்கின்னே செஞ்ச மிசினு இது. நம்ம கும்மிடிப்பூண்டி பேக்டரிலதான் செய்றாங்கோ."

மாமியார் தலையை ஆட்டினாள். நான் அந்த மாதச் சம்பளம் வந்ததும் போய் வாங்கிவிட்டேன். அட்டைப்பெட்டி, அதற்குள் வைக்கோல், அதற்குள் ஒரு வெள்ளை மிக்ஸி, கூடவே ஒரு காரண்டி அட்டை. அந்த அட்டையை நான் அன்றைக்கே படித்திருந்தால் நல்லது. எதெதற்கெல்லாம் கம்பெனி பொறுப்பில்லை என்பதைத்தான் அதில் முன்னும் பின்னும் அச்சடித்திருந்தார்கள். கம்பெனி எதற்குப் பொறுப்பு என்று தேடினால், அட்டையின் தரத்துக்கு என்று வேண்டுமானால் சொல்லலாம். நல்ல கெட்டி அட்டை.

மறுநாள் காலை நான் மிக்ஸியைச் சமையலறையில், எங்கள் பேச்சில் தளிகை உள்ளில், வைத்து மாமியாரிடம் ஓட்டிக் காட்டலாம் என்றிருந்தேன். பள்ளிக்கூடத்தில் ஏதோ இன்ஸ்பெக்‌ஷன் என்று முன்னதாகவே கிளம்பவேண்டியதாகிவிட்டது. சாயங்காலம் வந்து பார்த்தால் கொல்லையில் கிணற்றடிக்குப் பக்கத்தில், துளசி மாடத்து நிழலில், என் மிக்ஸி தலைகீழாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் பித்தளைப் பானை, அண்டா, கரண்டி எல்லாம் அதே மாதிரி வரிசையாகக் கவிழ்ந்திருந்தன. எல்லாவற்றிலும் பளிச்சென்று இருந்தது மிக்ஸிதான்.

"நன்னா புளி போட்டுத் தேய்ச்சு, நாலு குடம் ஜலம் விட்டு அலம்பியிருக்கேன்" என்றாள் மாமியார், பெருமையாக. "கடைக்காரன் தொட்டது, வழியிலே எங்கெங்கேயோ வெச்சது. இப்போ உள்ளே எடுத்துக்கலாம்."

கடையிலிருந்து வரும் எந்தப் பாத்திரமும் எங்கள் வீடுகளில் அப்படித்தான் உள்ளே வரும். செம்போ, சட்டுவமோ, வெண்கலப்பானையோ, புளியும் ஜலமும் படாமல் தளிகை உள் நிலையைத் தாண்டியது கிடையாது. மிக்ஸிக்கு மட்டும் ஏன் சலுகை என்று அவளுக்குத் தோன்றியிருக்காது. எனக்கு அந்த நிமிஷத்தில் இதெல்லாம் புரியவில்லை. ஆசையாக வாங்கிய சாமானைக் கிணற்றடியில் குப்புறப் பார்த்ததும் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். பிளக்கை மாட்டிச் சுவிட்சைத் தட்டினேன். உள்ளே ஒரு முனகல். பிறகு வீடு முழுக்க விளக்கு அணைந்தது. மாமியார் இருட்டில் நின்று, "கரண்ட் போயிடுத்தே" என்றாள், கரண்டு கம்பெனியைக் குறை சொல்லும் குரலில்.

கடையிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்தேன். கூடத்தில் உட்கார்ந்து அடிப்பக்கத்தைக் கழற்றினார். ஒரு டம்ளர் அளவுக்குத் தண்ணீர் கொட்டியது. மெக்கானிக் குனிந்து மோந்து பார்த்தார்.

"இன்னாம்மா இது, புளி வாசன வருது?"

நான் துணி எடுத்து வந்து தரையைத் துடைத்தேன்.

"தண்ணி பூந்த மோட்டாரு எவ்ளோவோ பாத்துகீறேன். புளி போட்டு வெளக்குன மோட்டாரு இதான் மொத தபா. காயில் பூட்சிம்மா. கம்பெனியாண்டதான் போவணும்."

மாமியார் தளிகை உள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போன பிறகு நான் அடக்கிக்கொள்ள முடியாமல் கேட்டுவிட்டேன்.

"அம்மா, நான் வேலையை விடணும்னுதானே இதைப் பண்ணினேள்?"

அவள் முகம் சுருங்கிப் போயிற்று. "நான் வேணும்னு பண்ணினேன்கிறயா? பெருமாள் அமுது பண்றதை அரைக்கப்போற வஸ்துடி. அலம்பாம எப்படி உள்ளே விடுவேன்?" என்றாள். அதோடு சரி. ஒரு வாரம் எங்களுக்குள் பேச்சு வார்த்தை இல்லை. உப்பு போதுமா என்பதைக்கூடக் கணவர் மூலம் கேட்டுக்கொண்டோம். அவர் நடுவில் நின்று, "போதும்ங்கறா", "போறாதுங்கறா" என்று தூது போனார். அவள் வேண்டுமென்றே செய்தாள் என்றுதான் நான் நம்பினேன். இரண்டு மாதம் நம்பினேன்.

அந்த இரண்டு மாதமும் கம்பெனியோடு நான் ஆடிய கபடியைச் சொல்லியாக வேண்டும். கடைக்காரரிடம் போனேன். "வித்தது நாங்க, செஞ்சது பேக்டரி. அங்கதான் கேக்கணும்" என்றார். பேக்டரி எனக்குத் தூரமில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் மிக்ஸியைப் பையில் போட்டுக்கொண்டு புதுவாயலிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் பஸ் ஏறினேன். புதுசு புதுசாகத் தகரக் கூரை எழும்பிக்கொண்டிருந்த பக்கம் அது. இரும்புக் கேட்டும் அதைவிடப் பெரிய பெயர்ப் பலகையுமாக இருந்தது பேக்டரி. வாட்ச்மேன் பையை எட்டிப் பார்த்தார்.

"இன்னாது உள்ள?"

"உங்க மிக்ஸிதான். கெட்டுப்போச்சு."

"இங்க நல்லதுதாம்மா செய்வாங்கோ. கெட்டதெல்லாம் மெட்ராஸ் ஆபீஸு."

அந்த வாக்கியத்தை நான் ரொம்ப நாள் பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு சனிக்கிழமை மெட்ராஸ் ஆபீஸுக்குப் போனேன். அங்கே மேஜைக்குப் பின்னால் ஒரு பெண், என்னைவிடச் சின்னவள். மிக்ஸியைத் தொடக்கூட இல்லை. "ஒரிஜினல் அட்டைப்பெட்டி எங்கே?" என்று கேட்டாள். அந்தப் பெட்டி வைக்கோலோடு சேர்ந்து வெந்நீர் அடுப்பில் எரிந்து எங்கள் வீட்டில் எல்லாரும் குளித்தாகிவிட்டது. அதை மரியாதையான வார்த்தைகளில் சொன்னேன். அவள் ஒரு ஆளைக் கூப்பிட்டாள். அவர் அடியைத் திறந்து பார்த்தார். தண்ணீர் பட்டிருக்கிறது, இது உபயோகிப்பவர் தவறு, காரண்டியில் வராது, வேண்டுமானால் விற்ற கடையில் கேட்டுப் பாருங்கள் என்றார். நான் கிளம்பிய இடத்துக்கே என்னைத் திருப்பி அனுப்பினார்கள். ஒரு கம்பெனி இவ்வளவு அழகாக வட்டம் போடும் என்றால், அதன் மோட்டார் ஏன் சுற்றவில்லை என்று திரும்பும் ரயிலில் யோசித்துக்கொண்டே வந்தேன்.

மார்கழி போயிற்று. ஒண்டியாக அம்மியில் அரைத்து அரைத்து நான் இரண்டு தடவை பஸ்ஸை விட்டேன். ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைக் கூப்பிட்டு, ஜூனியர் டீச்சர் ஒருத்தி காத்திருக்கிறாள் என்று சாதாரணமாகச் சொல்வது போலச் சொன்னாள். தை பிறந்தது. வேலையை விடப்போகிறேன் என்பதைப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்க்க ஆரம்பித்திருந்தேன்.

தை அமாவாசை எங்கள் ஊரில் கூட்டம் சாயும் நாள். குளத்தில் ஸ்நானம் பண்ண எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, காஞ்சிபுரம், மெட்ராஸ். கூட்டம் இருக்கிற இடத்தில் கம்பெனிக்காரன் இல்லாமலா? குளக்கரையிலிருந்து கோயிலுக்குத் திரும்பும் வழியில் அதே டெரிலின் சட்டை ஆள், இந்தத் தடவை பந்தலும் மைக்கும் போட்டு மிக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தார். அதைக் கணவர்தான் வந்து சொன்னார்.

மாமியார் அப்போதுதான் குளத்தில் முழுகிவிட்டு ஈரப் புடவையோடு வீட்டு வாசலில் வந்து நின்றிருந்தாள். என்னைப் பார்த்து, "அந்த மெஷினைப் பையிலே போட்டுண்டு என் பின்னாடி வா" என்றாள்.

ஈரப் புடவையில் மடியாக வரும் மாமிக்குக் கூட்டம் வழி விடும். "மேலே படாதேங்கோ, மேலே படாதேங்கோ" என்று அவள் முன்னால் போக, நான் பையோடு பின்னால் போனேன். பந்தலுக்கு முன்னால் ஒரு பெரிய மாமிக் கூட்டம். எல்லாரும் தேங்காய் விழுதைப் பார்த்துச் சொக்கிப்போயிருந்தார்கள். மாமியார் முன்வரிசைக்கு வந்து நின்றாள்.

"ஏம்பா, இது மடிக்கு ஆகுமா?"

அந்த ஆளுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. மைக்கிலேயே சொன்னார், ஊருக்கே கேட்கும்படி.

"தாராளமா ஆவும் மாமி. மடிக்கின்னே செஞ்ச மிசினு."

"அப்போ அலம்பலாம்."

"இந்த ஜாரை எவ்ளோ வோணாலும் கழுவலாம் மாமி."

"ஜாரைக் கேக்கலை. அதைத் தூக்கி வெச்சிருக்கே பாரு, கீழே வெள்ளையா, அதை."

"அதுல தண்ணி படக்கூடாதுங்க. மோட்டாரு."

மாமியார் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். "ஜலமே படாத வஸ்து எப்படி மடிக்கு ஆகும்?" என்று பொதுவாகக் கேட்டாள். மாமிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்னால் நின்ற ஒருத்தி எடுத்த பர்ஸைத் திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டாள். அந்த ஆள் மைக்கைக் கையால் மூடினார். மாமியாருக்கு மைக் தேவைப்படவில்லை.

"மடிக்கு ஆகும்னு நீ சொன்னதை நம்பி வாங்கினோம். மடின்னா எங்காத்திலே அலம்பித்தான் உள்ளே விடுவோம். அலம்பினோம். செத்துப்போச்சு. கடைக்குப் போனா பேக்டரிங்கறான், பேக்டரிக்குப் போனா மெட்ராஸ்ங்கறான், மெட்ராஸ்லே கடைங்கறான். ரெண்டுல ஒண்ணு சொல்லு. மடிக்கு ஆகாதுன்னு அந்த மைக்கிலே சொல்லிடு, நான் பேசாம போயிடறேன். ஆகும்னா, அலம்பினதுக்கு உன் கம்பெனி பொறுப்பு."

அவர் கண் பின்னால் நிற்கும் மாமிக் கூட்டத்தின் மேல் போயிற்று. பிறகு என் பையிலிருந்த மிக்ஸியையும் என்னையும் பார்த்து, "இவங்கதான் கழுவுனாங்களா?" என்று என் தலையில் கட்டப் பார்த்தார்.

"அவளா? அவ படிச்சவ. அவளுக்குத் தெரியும், அலம்பக்கூடாதுன்னு. அலம்பினது நான். என் மாட்டுப்பொண் புதுவாயல் பள்ளிக்கூடத்திலே டீச்சர். கார்த்தாலே ஏழு மணி பஸ்ஸைப் பிடிச்சு அம்பது குழந்தைகளுக்குப் பாடம் சொல்லணும். அவ போறதுக்குத்தான் இந்த மெஷின். அது ஓடலேன்னா அவ வேலை போயிடும். உன் பேச்சை நம்பி அவ வேலை போகணுமா?"

என்னை 'படிச்சவ' என்று அவள் அதுவரை திட்டுவதற்கு மட்டும்தான் சொல்லியிருந்தாள். நான் பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டேன். வேண்டுமென்றே செய்தாள் என்று நான் இரண்டு மாதம் நம்பியது அப்போதே போய்விட்டது. போன இடம் தெரியவில்லை.

"மாமி, பேஜார் பண்ணாதீங்கோ" என்றார் அந்த ஆள், மைக்கில் கேட்காத குரலில். "சாயந்தரம் ஊட்டாண்ட புச்சு கொண்ணாந்து குடுத்துர்றேன்."

"இப்போவே குடு. சாயங்காலம் நீ மெட்ராஸ்லே இருப்பே."

மேஜைக்கு அடியிலிருந்து பிரிக்காத ஒரு பெட்டி வெளியே வந்தது. கொடுக்கும்போது, "தாயே, இத மட்டும் கழுவாதீங்கோ" என்றார். "அது என் பாடு" என்றாள் மாமியார்.

இதையும் அலம்பிவிடுவாளோ என்று எனக்குப் பயம். வீட்டுக்கு வந்ததும் பெட்டியை விட்டு நான் நகரவில்லை. மாமியார் தன் துணிப் பெட்டியைத் திறந்து, நைந்துபோன அரக்குப் பட்டு ஒன்றை எடுத்து உட்கார்ந்து கிழித்தாள். பட்டுக்கு விழுப்பு கிடையாது, யார் தொட்டாலும் மடி கெடாது என்பது எங்கள் தெருவில் குழந்தைக்குக்கூடத் தெரியும். துவைக்காமலே மடிக்கு ஆவது உலகத்தில் பட்டு ஒன்றுதான். மோட்டாரைச் சுற்றி அந்தப் பட்டைப் பாவாடை மாதிரி தைத்துப் போட்டாள். அடியில் காற்றுப் போகவேண்டும் என்று நான் சொன்னதைக் கேட்டு, ஓட்டைக்கு நேராகக் கத்திரியால் வெட்டியும் விட்டாள். மிக்ஸி ஜரிகைக் கரையோடு தளிகை உள்ளுக்குள் போயிற்று. எனக்குக் கல்யாணத்தன்று கிடைத்ததைவிட மரியாதையான கிருகப்பிரவேசம் அது.

விஷயம் தெருவில் பரவியது. மாசி முடிவதற்குள் எங்கள் தெரு மிக்ஸிகள் எல்லாம் பட்டு உடுத்திக்கொண்டன. மறு வருஷம் தை அமாவாசைக்கு அதே ஆள் வந்து, 'மடி மாடல்' என்று மைக்கில் கூவி, பட்டுத் துணி உறையோடு மிக்ஸி விற்றார். யோசனை எங்கள் மாமியாருடையது, லாபம் கம்பெனியுடையது. உறை பட்டுகூட இல்லை, நைலான்.

புது மிக்ஸி வந்த பிறகு நான் ஒரு நாளும் பஸ்ஸை விடவில்லை. ஆனால் எங்கள் ஊர்க் கரண்டு கம்பெனியும் லேசுப்பட்டதில்லை. பங்குனியில் ஒரு நாள் காலையில் கரண்ட் இல்லை. மிக்ஸி பட்டோடு சும்மா உட்கார்ந்திருந்தது. நான் பெருமூச்சு விட்டுக்கொண்டு அம்மிக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். "இன்னிக்கு லீவு போட்டுடறேன் அம்மா" என்றேன்.

"எழுந்திரு" என்றாள் மாமியார். "இன்னிக்கு அரைக்கறதுக்கு ஒண்ணுமில்லே. சீரகச் சாத்தமுதும் அப்பளமும்."

"பெருமாளுக்கு?"

"ஒரு நாள் அவர் சாத்தமுது சாப்பிடட்டும். ஊர் முன்னாடி மைக்குக்கு எதிரே நின்னு என் மாட்டுப்பொண் டீச்சர்னு சொல்லியிருக்கேன். நீ இங்கே உக்காந்திருந்தா அந்தக் கம்பெனிக்காரனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? கிளம்பு, பஸ் போயிடும்."

வெறும் ரசமும் அப்பளமுமாக, அரைக்காமலும் ஒரு தளிகை உண்டு என்பது அந்த வீட்டில் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நான் புடவை மாற்றிக்கொண்டு ஓடினேன். பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, சிரித்துக்கொண்டும் மூக்கைச் சிந்திக்கொண்டும் போனேன். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "இன்னா டீச்சர், ஜலதோஷமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.